பழைய பிஸ்டலுக்குப் புதிய குழல்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பழைய பிஸ்டலில் சுடும் குண்டுகள் இலக்கில் சிதறி விழத் தொடங்கியதும், பெரும்பாலோர் முதலில் சந்தேகிப்பது குழலைத்தான். என்னிடம் இருப்பது 1911 வகையைச் சேர்ந்த, .45 ஏசிபி தோட்டா போடும் பிஸ்டல். ஜான் பிரௌனிங் வடிவமைத்து, அமெரிக்க இராணுவம் 1911-இல் ஏற்று 1985 வரை முதன்மைக் கைத்துப்பாக்கியாக வைத்திருந்த அமைப்பு இது. இதன் குழலை மாற்றிப் பல ஆண்டுகள் இலக்குச் சுடுதலுக்குப் பயன்படுத்திவிட்டேன்.

குழலின் உட்புறம் நாம் நினைப்பதைவிட மிக மெதுவாகவே தேய்கிறது. 9 மி.மீ. தோட்டாவின் உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு என்றால், .45 ஏசிபிக்கு அது 21,000 மட்டுமே. ஆகவே குண்டைச் சுழலவைக்கும், குழலின் உட்புறச் சுருள் பள்ளங்களான மரைப்பள்ளங்கள் மழுங்கியிருக்குமோ என்ற கவலை பெரும்பாலும் வீண். பழைய இராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் பகுதியில்) இருந்த உப்புகள் துடைக்கப்படாமல் தங்கித் துருக்குழிகளை உண்டாக்கியிருந்தால் அது வேறு விஷயம். நன்றாகத் துடைத்துவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாலே அவை தெரிந்துவிடும்.

உண்மையான சிக்கல் குழலின் வெளிப்புறத்தில் இருக்கிறது. இந்த அமைப்பில் குறிபார்க்க உதவும் குறிகாட்டிகள், சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதியான ஸ்லைடின்மேல் அமைந்துள்ளன. குழலோ ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடோடு சிறிது தூரம் பின்னோக்கிச் சென்று, கீழிருக்கும் இணைப்புத் துண்டால் தாழ்த்தப்பட்டுப் பூட்டு அவிழ்ந்து, பிறகு மீண்டும் மேலேறிப் பூட்டிக்கொள்கிறது. அவ்வாறு திரும்பும்போது அது முன்பிருந்த அதே இடத்தில் நிற்காவிட்டால், மரைப்பள்ளங்கள் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் பயனில்லை. ஸ்லைடு மூடிய நிலையில், தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதிசெய்துகொண்டு, குழலின் பின்முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அது கீழே அசைந்தால் பூட்டுதலில் தளர்வு உண்டு. குழல்வாயைப் பக்கவாட்டில் அசைக்க முடிந்தால், அதைச் சுற்றித் தாங்கும் வளையமான புஷ்ஷிங் தேய்ந்திருக்கலாம்.

என் பிஸ்டலில் இரண்டு தளர்வுகளும் இருந்தன. முதலில், ஸ்லைடை முன்னோக்கித் தள்ளும் ரீகாயில் ஸ்ப்ரிங்கையும் புஷ்ஷிங்கையும் மட்டும் மாற்றினேன். செலவு குறைந்த அந்த மாற்றத்துக்கே, தாங்கியில் வைத்துச் சுட்டபோது குண்டுகள் கண்கூடாக நெருங்கி விழுந்தன. ஆயினும் குழலை ஸ்லைடோடு பிணைக்கும் பூட்டுப் பற்களின் விளிம்புகள் நசுங்கியிருந்ததால் பின்முனையின் அசைவு போகவில்லை. குழலை மாற்ற முடிவெடுத்தது அதற்காகத்தான்.

அப்படியே பொருத்திக்கொள்ளலாம் என்று விற்கப்படும் குழல்களை நான் தவிர்த்தேன். பல பிஸ்டல்களுக்கும் பொருந்தும்படி அவற்றின் வெளியளவைச் சற்றுக் குறைத்தே செய்கிறார்கள் என்பதால், தளர்ந்த பழைய குழலுக்குப் பதில் தளர்ந்த புதிய குழலைப் போட்டதாகவே முடியக்கூடும். சற்றுப் பெரிதாகச் செய்யப்பட்ட குழலை வாங்கி, அனுபவமுள்ள துப்பாக்கி வினைஞரிடம் கொடுத்து, அந்த ஸ்லைடுக்கேற்ப அராவிப் பொருத்தச் செய்தேன். கூலி குழலின் விலைக்குக் குறையவில்லை.

தொடக்கத்தில் ஸ்லைடு முழுமையாக மூடாமல் நின்றதுண்டு. தொடர்ந்து சுட்டுவந்ததில் அது சரியானது. இறுக்கமான பொருத்தம் என்பதால் அழுக்கையும் அது முன்போலப் பொறுப்பதில்லை. தட்டைமுனை ஈயக் குண்டுகளில் சில வகைகள் இன்றுவரை தடங்கல் செய்கின்றன. தாங்கியில் வைத்துச் சுட்டால் 25 மீட்டரில் முன்னேற்றம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. கையில் பிடித்துச் சுடும்போது, என் மதிப்பெண்ணில் அதன் ஒரு சிறு பங்கே பிரதிபலித்தது என்பதையும் சொல்ல வேண்டும். டிரிகரைச் சீராக்கியதும் தெளிவான குறிகாட்டிகளைப் பொருத்தியதும் அதைவிட அதிகம் உதவின. எனவே, பூட்டுப் பற்கள் நல்ல நிலையில் உள்ள பழைய பிஸ்டலுக்குக் குழல் மாற்றத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பணத்தைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் செலவிடுவதே மேல்.

மாற்றத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், பல நாடுகளில் குழல் தனித்தே உரிமத்துக்கு உட்பட்ட பாகம் என்பதால், வாங்குமுன் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டுவிடுங்கள். கழற்றிய குழலை விற்காமல் பிஸ்டலோடு வைத்திருங்கள்: பின்னாளில் பிஸ்டலை விற்க நேர்ந்தால், பழைய இராணுவப் பிஸ்டல்களைச் சேகரிப்போர் மூலப் பாகங்களுக்குத்தான் விலை தருவார்கள்.