மூக்கில கட்டி வெட்டப் போறவை இதை ஒருக்கா வாசியுங்கோ

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிற ஆக்களுக்குத்தான் எழுதுறன். வெட்டின இடத்தின்ர பேர் போடேல்ல, முறைப்பாடு போய்க்கொண்டிருக்கு.

எங்கட மாமாக்கு மூக்குக் கரையில கறுப்பா மினுங்கிற ஒரு சின்னக் கட்டி வந்தது, துவாயால முகம் துடைக்க ரத்தம் வரும், காயும், பேந்தும் வரும். மனுசன் பருவெண்டு மருந்து பூசிக்கொண்டு வயலுக்குப் போய் வந்தவர். எங்கட நிறத்துக்கு இந்தத் தோல் கான்சர், பேசல் செல் எண்டுவினம், கனபேருக்குக் கறுப்பாத்தான் வரும், மச்சமெண்டு விட்டிடுவம்.

ரவுணில ஒரு தனியார் இடத்தில காட்ட, "சின்ன விசயம் ஐயா, இண்டைக்கே வெட்டி இண்டைக்கே கன்னத்துத் தோலைத் திருப்பி மூடிவிடுவம், தழும்பே தெரியாது" எண்டிச்சினம். காசு முழுக்க முன்னுக்கே கட்டவேணும். பில்லில வெட்டின சதையைச் சோதிக்க லாப் சார்ஜ் எண்டு தனி வரி, அந்தப் பில்லின்ர மஞ்சள் கொப்பி மச்சாளிட்ட இப்பவும் இருக்கு. ரிப்போர்ட் எப்ப வரும் எண்டு கேட்டா கோல் எடுப்பம் எண்டினம், தையல் வெட்டப் போகேக்க கேட்டா "எல்லாம் கிளியர் அக்கா" எண்டினம், பேப்பரைத் தாங்கோ எண்டா பேப்பர் இல்லை. கடைசியா மச்சாள் அவை சொன்ன லாப்புக்கே போன் பண்ணினா, மாமான்ர பேரில ஒரு சாம்பிளும் அங்க வரேல்லையாம். வெட்டின சதையைக் குப்பைக்குள்ள போட்டிட்டு லாப் காசும் எடுத்திருக்கினம்!

காசு போனாப் போகட்டும். இந்தக் கான்சர் தூரத்துக்குப் பரவிறது அருமை, ஆனா இருக்கிற இடத்தை அரிச்சுக்கொண்டே உள்ளுக்குப் போகும். கண்ணுக்குத் தெரியிறதை மட்டும் வெட்டினாக் காணாது, சின்னக் கட்டியெண்டாலும் சுத்திவர 4 மில்லிமீற்றர் அளவில நல்ல தோலையும் சேர்த்தெடுத்து, அந்த ஓரத்தில கான்சர் செல் இல்லையெண்டு லாப்பில பாத்துச் சொல்லவேணும். அது தெரியாம மேலால தோலை இழுத்து மூடினா மிச்சம் கீழ வளருறது ஒருத்தருக்கும் தெரியாது, வெளியால பாக்க வடிவான மூக்கு. மாமாக்கு அதுதான் நடந்தது.

தழும்புக்குப் பக்கத்தில திரும்பப் பொருக்குத் தட்ட யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனம். பிளாஸ்ரிக் சேர்ஜன் தொட்டுப் பாத்திட்டு முதல் கேட்டதே ரிப்போர்ட்டைத்தான், என்னத்தைக் குடுக்கிறது. இந்த முறை தோல், குருத்தெலும்பு, உள்தோல் எல்லாம் சேர்த்தெடுக்க வேண்டி வந்திட்டுது. ஓரம் கிளியர் எண்டு ரிப்போர்ட் வரும் மட்டும் மூடேல்ல, டிரெசிங்தான். பேந்துதான் காதில குருத்தெலும்பு எடுத்து வச்சு நெத்தித் தோலை இறக்கினவை. அது ஒரு நாளில முடியிற வேலையில்லை, புருவத்துப் பக்கத்து ரத்தக்குழாயோட தோல் பாலம் மாதிரி மூக்குக்கு இறங்கி, அங்க ரத்த ஓட்டம் பிடிக்கும் மட்டும் ஏறத்தாழ 3 கிழமை அப்பிடியே நிக்கும், பிறகுதான் பாலத்தை வெட்டுவினம். 1794இல இந்தியாவில இப்பிடி மூக்குச் செய்ததை லண்டன் பத்திரிகை ஒண்டு எழுதினாப் பிறகுதான் வெள்ளைக்காரனே இதைப் பழகினவன், ரவுணில இருக்கிறவைக்குத்தான் எல்லாம் ஒரு மணித்தியாலத்தில முடியுது.

சுருட்டுப் பத்தினா ஒட்டின தோல் கறுத்துச் செத்துப்போம் எண்டு வார்ட்டில சொல்ல, மாமி வீட்ட வந்து சுருட்டுக் கட்டை அப்பிடியே அடுப்புக்குள்ள போட்டவ. அரசாங்க ஆஸ்பத்திரியில ஒப்பரேசனுக்கு ஒரு சதமும் எடுக்கேல்ல.

ஆரும் உங்களுக்குக் கட்டி வெட்டினா, சதை போட்ட போத்தலையும் அதில எழுதின பேரையும் கண்ணால பாருங்கோ. ரிப்போர்ட் கையில வர, ஓரத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கெண்டு டொக்டரிட்டயே வாசிப்பியுங்கோ. "வரும் வரும்" எண்டா லாப்புக்கு நீங்களே கோல் எடுங்கோ.

மச்சாள் பில் கொப்பியை வச்சு, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியார் ஆஸ்பத்திரியளைப் பாக்கிற கொழும்புச் சபைக்கு எழுதிப் போட்டிருக்கிறா. போன கிழமை அந்த இடத்தில இருந்து கோல், லாப் காசைத் திருப்பித் தருவினமாம், ஒரு லெட்டரில சைன் வைக்கட்டாம். மாமா வைக்கேல்ல.