பெட்ரோல் ஒழுகிய புல்வெட்டி: பழுது பார்த்து இரண்டு வருடம் கழித்து

அப்பா தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணியாக) இருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் வாங்கிய புல்வெட்டி இது. தள்ளிக்கொண்டே வெட்டும் வகை. 160 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலும் திருவிழாவுக்கு முன்னால் மாரியம்மன் கோயில் திடலும் பதினாறு வருடமாக இதன் கையில்தான் இருக்கின்றன.

இரண்டரை வருடத்துக்கு முன்பு ஸ்டோர் கதவைத் திறந்தாலே பெட்ரோல் வாடை அடிக்க ஆரம்பித்தது. சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. இதைச் சும்மா விடக்கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தவழும். எங்கள் ஸ்டோருக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவில் ஒரே ஒரு கதவுதான். அன்றைக்கே மெஷினை வெளியே தள்ளிக் கொட்டகையில் நிறுத்தினேன்.

முதலில் நான் செய்தது தப்பு. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமலே 45 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு புது கார்புரேட்டர், அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் சாமான், வாங்கி மாட்டினேன். நாலு மாதம் நன்றாக ஓடியது, அப்புறம் அதுவும் ஒழுகியது. அப்பா வந்து பார்த்தார். "ஐயா, எங்க நனையுதுன்னு முதல்ல பாரு, சாமான் அப்புறம் வாங்கலாம்" என்றார். கார்புரேட்டரைச் சுத்தமாகத் துடைத்து, அடியில் பழைய நாளிதழை விரித்து, பெட்ரோல் டேப்பை அடைத்து ஓர் இரவு விட்டோம். காலையில் தாள் காய்ந்தே இருந்தது. டாங்கியில் ஓட்டை இல்லை என்று தெரிந்தது. டேப்பைத் திறந்ததும் பத்து நிமிடத்தில் இரண்டு இடத்தில் ஈரம்: குழாய் மாட்டியிருந்த முனையிலும், காற்று வடிகட்டிப் பெட்டியின் அடியிலும்.

குழாய் விஷயம் சுலபம். முன்பு யாரோ மீன் தொட்டிக்குப் போடும், கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டியிருந்தார்கள். பெட்ரோலில் ஊறினால் அது கட்டையாகி முனையில் வெடித்துவிடும். பழைய துண்டை மோட்டார் கடைக்கு எடுத்துப் போய் அதே அளவில் பெட்ரோலுக்கான கறுப்பு ரப்பர் குழாயும், நடுவில் மாட்ட ஒரு சின்ன வடிகட்டியும் வாங்கினேன்.

காற்று வடிகட்டி நனைந்தால் கோளாறு ஃப்ளோட் (மிதவை) பக்கம். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற ஃப்ளோட் மிதந்து மேலே வரும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் நீடில் (ஊசி) பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். அது சரியாக அடைக்காவிட்டால் கிண்ணம் நிரம்பி வழியும். பிளக் வயரைக் கழற்றிவிட்டுப் பழைய கார்புரேட்டரையும் புதியதையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே பெட்ரோல் புகுந்து தளும்பவில்லை, நல்லது. பழைய நீடிலின் ரப்பர் நுனியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மயிரிழை போல வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. புதியதில் நுனி நன்றாகவே இருந்தது, ஆனால் அது உட்காரும் இடத்தில் டாங்கியிலிருந்து வந்த துருத்தூள். டாங்கியைக் கழுவாமல் எத்தனை கார்புரேட்டர் மாற்றினாலும் இதே கதைதான்.

டாங்கியைக் கழுவினேன். பழைய கார்புரேட்டருக்கே புது நீடில், ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கிண்ணத்துப் போல்ட்டுக்கு வாஷர், எல்லாம் சேர்த்து 12 வெள்ளி. கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரே பட்டால் ஓ-ரிங் உப்பிவிடும், திரும்பக் காடிக்குள் உட்காராது. அதை முதலில் எடுத்து வைத்துவிட்டு அடியுங்கள். கிண்ணத்துப் போல்ட்டை மூச்சு முட்ட முறுக்கவும் வேண்டாம், மரை கழன்றுவிடும்.

ஒன்றைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நீடில் ஒழுகினால் பெட்ரோல் எஞ்சினுக்குள்ளும் இறங்கும். எண்ணெய்க் குச்சியை இழுத்தேன். அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தது, தண்ணீராய் ஓடியது, மோந்தால் பெட்ரோல். அந்த எண்ணெயோடு ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். மாற்றிவிட்டுத்தான் கயிற்றை இழுத்தேன்.

இந்த இரண்டு வருடத்தில் நீடில் ஒரு தடவைகூட ஒழுகவில்லை. வடிகட்டியை மட்டும் ஒருமுறை மாற்றினேன், அதற்குள் செம்மண் நிறத்தில் தூள் படிந்திருந்தது. வேலை முடிந்ததும் டேப்பை அடைத்து, கிண்ணத்தில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுகிறேன். அடுத்த முறை டேப்பைத் திறந்து அரை நிமிடம் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கயிற்றை இழுத்துக் கை வலிக்கும். அது ஒன்றுதான் தொந்தரவு. பிளேடைத் தீட்டச் சாய்க்கும்போது கார்புரேட்டர் பக்கம் எப்போதும் மேலே.

இங்கே பலரும் முதுகில் மாட்டும் மெஷினுக்கு மாறிவிட்டார்கள். வாய்க்கால் ஓரத்துக்கும் மேட்டுக்கும் அதுதான் சரி, மறுக்கவில்லை. ஆனால் கோயில் திடலில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓட, புல் பாய் விரித்த மாதிரி சமமாக இருக்க வேண்டுமென்றால் எனக்கு இதுதான். போன திருவிழாவுக்கு அப்பாவே தள்ளினார். முடித்துவிட்டுத் தாளை விரித்து மேலே நிறுத்தச் சொன்னார். காலையில் போய்ப் பார்த்தோம், ஒரு சொட்டு இல்லை.