ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20,900 ரூபாய்: சைகோன் செல்வோர் கவனத்திற்கு

நான்கு நாள்களுக்கு முன்பு, வியட்நாமில், சைகோன் என்ற பழைய பெயர் கொண்ட ஹோ சி மின் நகரில் ஒரு கடலுணவு உணவகத்தில், மூன்று பேர் சாப்பிட்ட ஒரு வேளை உணவுக்காக என்னிடமிருந்து 20,900 ரூபாய் பறிக்கப்பட்டது. கோபம் ஆறிவிட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். புதுச்சேரியிலிருந்து பழைய உறவைத் தேடி எங்களைப் போல அந்த ஊருக்குப் போகிறவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

என் அம்மா சைகோனில் பிறந்தவர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அரசுப் பணிக்காகப் புதுச்சேரியிலிருந்து அங்கே சென்ற குடும்பம். 1955இல், ஆறு வயதில், கப்பலேறித் திரும்பி வந்தார். எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் இன்றும் சாயோ உண்டு. நனைத்த அரிசித் தாளில் இறால், கறி, கண்ணாடிச் சேமியா, மரக்காளான் வைத்து இறுகச் சுருட்டிப் பொரித்து, லெட்யூஸ் இலையிலும் புதினாவிலும் பொதிந்து, மீன் சாறு கலந்த புளிப்பும் காரமுமான நீரில் தோய்த்துச் சாப்பிடுவோம். அதைப் பிறந்த ஊரில் ஒருமுறை சாப்பிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

பென் தான் சந்தைக்கு அருகிலுள்ள மாரியம்மன் கோயிலில் தரிசனம் முடித்து வெளியே வந்தபோது ஓர் இளைஞன் எங்களிடம் பேச்சுக் கொடுத்தான். அந்தக் கோயிலுக்கு வியட்நாமியரும் திரளாக வருவார்கள். அவனும் ஊதுபத்தியோடு அம்மனை வணங்கியதைச் சற்று முன்புதான் பார்த்திருந்தோம். மோட்டார் சைக்கிள்கள் ஓயாமல் பாயும் அந்த வீதியைக் கடக்க அம்மா தயங்கி நின்றபோது, அவன் அவருடைய முழங்கையைப் பிடித்து, மறு கையை வண்டிகளை நோக்கி நீட்டியபடி, மெல்ல மெல்ல அக்கரை சேர்த்தான். எழுபது ஆண்டுகளாக நினைவில் வைத்திருந்த "கம் ஓன்" என்ற சொல்லால் அம்மா அவனுக்கு நன்றி சொன்னார். அந்த நொடியில் நான் அவனை முழுமையாக நம்பிவிட்டேன். தெரிந்த கடை, வீட்டுச் சமையல் போல இருக்கும் என்று சொல்லி அவனே அழைத்துச் சென்றான்.

விலைப்பட்டியலில் சிங்கி இறாலுக்கு எதிரே வெறுமனே 180 என்று இருந்தது. அங்கே ஆயிரத்தின் மூன்று சுழிகளை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம் என்பது தெரிந்ததால், வியட்நாம் நாணயத்தில் 1,80,000 டாங், அதாவது ஏறத்தாழ 600 ரூபாய் என்று கணக்குப் போட்டு இரண்டு கேட்டேன். அது 100 கிராமுக்கான விலை என்பதை யாரும் சொல்லவில்லை. தொட்டியிலிருந்து எடுத்த இறால்களை நீர் சொட்டும் சிவப்பு பிளாஸ்டிக் கூடையோடு தராசில் வைத்தார்கள். எண் தெரியும் பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. ரசீதில் எடை 2 கிலோ 100 கிராம். சாப்பிட்ட நாங்கள் சொல்கிறோம், இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டியிருக்க வழியே இல்லை. கேளாமலே மேசையில் வைத்த வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுகளுக்கும் தனித்தனி விலை. மொத்தம் 57,60,000 டாங். கார்டு மெஷினில் "ரூபாயா, டாங்கா" என்று கேட்டதற்கு, அவசரத்தில் ரூபாயை அழுத்தியதால், மெஷின் போட்ட மாற்று விகிதத்தில், 19,200 ரூபாய் அளவில் முடிந்திருக்க வேண்டியது 20,900 ரூபாயாகக் கழிந்தது.

பணத்தைவிட என்னை எரிய வைத்தது சாயோ. அம்மா ஒன்றைப் பிட்டு, மேல்தோலை விரலால் உரித்துப் பார்த்து, "இது அரிசித் தாள் இல்லைப்பா, மைதா" என்று சொல்லித் தட்டைத் தள்ளி வைத்தார்.

மறுநாள் திரும்பிப் போனேன். முந்தைய நாள் தாங்களே உள்ளே உட்கார வைத்துத் தேநீர் கொடுத்த அந்த இளைஞனை யாரென்றே தெரியாது என்றார்கள். தராசைக் காட்டச் சொன்னால், "மேலாளர் இல்லை, மாலையில் வாருங்கள்" என்றார்கள். மாலையில், "நாளை வாருங்கள்" என்றார்கள். நாளை எங்களுக்கு விமானம் என்பது அவர்களுக்குத் தெரியும். விடுதி வரவேற்பறையிலோ, "சாப்பிடும் முன்பே விலை கேட்டிருக்க வேண்டும்" என்று எனக்கே பாடம் நடத்தினார்கள். ஊர் திரும்பி வங்கியை அழைத்தேன். பின் எண்ணை நானே அழுத்தியிருப்பதால் இது மோசடியில் சேராது என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். 20,900 ரூபாய், ஒரு விளக்கமும் இல்லாமல்!

விரிவாக வழி சொல்லத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. விலை 100 கிராமுக்கா, கிலோவுக்கா, தட்டுக்கா என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். கூடையில்லாமல், உங்கள் கண்ணெதிரே எடை போடச் சொல்லி, தராசைப் படம் எடுங்கள். கேட்காமல் வரும் கடலையையும் துண்டையும் திருப்பி அனுப்புங்கள். கார்டு என்றால் டாங்கையே தேர்ந்தெடுங்கள். ரொக்கம் என்றால் 20,000 தாளும் 5,00,000 தாளும் இரண்டுமே நீலம், எடுத்துக் கொடுக்கும் முன் எண்ணைப் படியுங்கள். கோயில் வாசலில் கை பிடித்து வீதியைக் கடத்திவிடுகிறவனுக்கு நன்றி சொல்லுங்கள். அவன் காட்டும் கடைக்கு மட்டும் போகாதீர்கள்.