இரண்டு திரைகளும் ஒரு இரகசியமும்: டால்ஃபின் எமுலேட்டரில் பேக்மேன் வெர்சஸ்

நிண்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலுக்காக 2003-இல் வெளிவந்த பேக்மேன் வெர்சஸ், ஷிகேரு மியாமோட்டோ வடிவமைத்து நம்கோ நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு. வேறு விளையாட்டுகளோடு இலவச இணைப்பாகக் கொடுக்கப்பட்டதால் இதற்குரிய கவனம் கிடைக்காமல் போனது என்பது என் நெடுநாள் வருத்தம். பழைய கருவிகளை ஒன்றுசேர்ப்பது கடினமாகிவிட்ட நிலையில், பழைய கன்சோல்களைக் கணினியில் போலச் செய்து காட்டும் மென்பொருளான டால்ஃபின் எமுலேட்டரில் இதை ஓட்டி, மூன்று நண்பர்களோடு பல மாலைகள் ஆடிப் பார்த்தேன்.

ஆட்டத்தின் அமைப்பு எளிது. ஒருவர் பேக்மேன், மற்ற மூவர் பேய்கள். பேக்மேனாக இருப்பவர் கேம்பாய் அட்வான்ஸ் (ஜிபிஏ) என்னும் கைக்கருவியின் சிறு திரையில் புதிர்ப்பாதை முழுவதையும், மூன்று பேய்களும் எங்கே இருக்கின்றன என்பதையும் பார்த்தபடி புள்ளிகளைத் தின்று செல்வார். பேய்களுக்கோ தொலைக்காட்சித் திரையில் தங்களைச் சுற்றியுள்ள சிறு வட்டம் மட்டுமே தெரியும். பழத்தை எடுத்தால் அந்த வட்டம் சற்று விரியும். ஆகவே பேய்கள் மூவரும் வாய்விட்டுப் பேசியே தீர வேண்டும். "இதோ, மேல் மூலையில் என்னைக் கடந்து போகிறான்" என்று ஒருவர் கத்தினால்தான் மற்ற இருவரும் வழிமறிக்க முடியும். பிடித்தவர் கைக்கருவியை வாங்கிக்கொள்வார், பிடிபட்டவர் பேயாவார். முடிவு செய்த மதிப்பெண்ணை முதலில் எட்டுபவருக்கு வெற்றி.

இந்த ஏற்பாட்டை எமுலேட்டருக்குள் கொண்டுவருவது எளிதன்று, ஏனெனில் இங்கே ஒன்றுக்கு இரண்டு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடி, ஒன்றோடொன்று இடைவிடாமல் பேசிக்கொள்ள வேண்டும். கைக்கருவிக்குத் தனிக் கார்ட்ரிட்ஜ் கிடையாது. கேம்கியூபே கேபிள் வழியாக ஒரு சிறு நிரலை அதன் நினைவகத்துக்கு அனுப்பி இயக்குகிறது. முன்பெல்லாம் கைக்கருவிக்கென்று வேறொரு எமுலேட்டரைத் தனியே திறந்து இரண்டையும் இணைக்க வேண்டியிருந்தது. 2021 முதல் எம்ஜிபிஏ என்னும் கைக்கருவி எமுலேட்டரின் உட்கரு டால்ஃபினுக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது. கன்ட்ரோலர் அமைப்பில் ஒரு போர்ட்டை ஒருங்கிணைந்த ஜிபிஏ என்று மாற்றினால் போதும். விளையாட்டைத் தொடங்கியதும் கைக்கருவியின் திரை தனிச் சாளரமாகத் திறக்கிறது. ஆனால் கைக்கருவியின் பயாஸ் கோப்பு, அதாவது கருவியைத் தொடங்கி வைக்கும் அடிப்படை நிரல், கட்டாயம் வேண்டும். வெறும் 16 கிலோபைட் அளவுள்ள அந்தக் கோப்பின் இருப்பிடத்தைக் காட்ட மறந்ததால் என் முதல் மாலையின் பெரும்பகுதி வீணாயிற்று. அதையும் விளையாட்டின் வட்டையும் சொந்தக் கருவியிலிருந்தே நகலெடுப்பதுதான் முறை.

இயந்திரங்கள் இணைந்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. கைக்கருவியின் சாளரம் அதே கணினித் திரையின் ஓரத்தில் திறந்ததால், பேய்களாக இருந்தவர்களின் கண் தானாகவே அங்கே போயிற்று. யாரும் வேண்டுமென்று எட்டிப்பார்க்கவில்லை. அருகில் இருக்கும் படத்தைப் பார்க்காமல் இருக்க மனிதக் கண்ணால் முடியாது, அவ்வளவுதான். பேச்சு நின்றது, கூச்சல் நின்றது, ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் சலித்துவிட்டது. கண்ணாமூச்சியில் கண்ணைக் கட்டாமல் ஆடினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

மறுநாள் இரண்டாவது மானிட்டரை இணைத்து, மேசைக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி வைத்து, அந்தச் சாளரத்தை அங்கே இழுத்துப் பெரிதாக்கினேன். 240-க்கு 160 புள்ளிகள் மட்டுமே கொண்ட படமாதலால் பெரிதாக்கும்போது கட்டம் கட்டமாகத் தெரியும். ஆயினும் புதிர்ப்பாதையின் கோடுகள் தெளிவாகவே இருக்கின்றன. கன்ட்ரோலர்களை அந்தந்த இருக்கையிலேயே விட்டுவிட்டு, பிடித்தவரும் பிடிபட்டவரும் எழுந்து இடம் மாறிக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம். கைக்கருவியைக் கைமாற்றுவதைவிட இது எனக்கு ஒரு படி மேலாகவே தோன்றுகிறது. சற்று முன்வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், மேசையைச் சுற்றி வந்து அமர்ந்ததும், எதுவும் தெரியாமல் "எங்கே, எங்கே" என்று கேட்கத் தொடங்குவதை அருகிலிருந்து பார்க்க வேண்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை, என் பழைய மடிக்கணினியில் படத்தின் நுண்மையை (ரெசல்யூஷனை) உயர்த்தியபோது ஓட்டம் தடுமாறியது. இயல்பான அளவுக்கு இறக்கியதும் சீரானது. அது கணினியின் வயதுக்குரிய குறையே.

இணையம் வழியாக ஆடுவோருக்காக, பிறருடைய கைக்கருவிச் சாளரத்தை மறைக்கும் வசதியும் டால்ஃபினில் உண்டு. இரகசியம்தான் இந்த ஆட்டத்தின் உயிர் என்பதை அதை உருவாக்கியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். என்றாலும் இடம் மாறி உட்காரும் ஆட்டத்தைத் தொலைவிலிருந்து ஆடுவதில் பாதிச் சுவை போய்விடுகிறது. எமுலேட்டரே வேண்டாம் என்பவர்களுக்கு 2017-இல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்த நம்கோ மியூசியம் தொகுப்பிலும் இவ்விளையாட்டு இருக்கிறது. ஆனால் பேக்மேனாக ஒருவர் ஆட வேண்டுமென்றால் அங்கே இரண்டாவது ஸ்விட்ச் தேவை. ஒரே ஒரு திரை மட்டும் உள்ளவர்களுக்கு எமுலேட்டரில் ஆடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய மானிட்டர் ஒன்றும், கூடி உட்கார நான்கு பேரும் இருந்தால், பயாஸ் கோப்பை முதலில் சரிபார்த்துவிட்டு இன்றே தொடங்கலாம்.