ராபர்ட் பிளான்ட் கத்தாம பாடுன ஆல்பம்: லல்லபை அண்ட்... தி சீஸ்லெஸ் ரோர்

பிளான்ட் முன்னாடி பாடகரா இருந்த ராக் பேண்டு லெட் செப்பலின் மாதிரி இருக்கும்னு நெனச்சு இந்த ஆல்பத்த போட்டா முதல் பாட்டுலயே ஏமாந்துருவீங்க, அத இப்பவே சொல்லிடறேன். 2014 செப்டம்பர்ல வந்தது, அப்போ பிளான்ட்டுக்கு 66 வயசு. வயசாச்சு தொண்டை போச்சு அதான் அடக்கி வாசிக்கிறாருன்னு சில பேர் சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணல. 2007ல லண்டன்ல ஒரே ஒரு ராத்திரி பழைய பேண்டோட பாடினாரு, டூர் போங்கன்னு எல்லாரும் கெஞ்சியும் போகாம அமெரிக்கப் பாடகி அலிசன் க்ராஸ் கூட நாட்டுப்புற பாட்டு பாடப் போய்ட்டாரு, அதுக்கு கிராமி வேற அள்ளிட்டு வந்தாரு. அதுக்கும் முன்னாடி 2003லயே ஆப்பிரிக்காவுல மாலி பாலைவனத்துல நடந்த இசை விழாவுல போய் பாடியிருக்காரு. இவரு இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு, நாமதான் இன்னும் பழைய ஸ்டேஷன்லயே நின்னுக்கிட்டு இருக்கோம்.

முதல் பாட்டு லிட்டில் மேகி. அமெரிக்க அப்பலேச்சியன் மலைப்பக்கத்து பழைய பாட்டு, பேஞ்சோங்கற தந்தி வாத்தியம் வச்சுத்தான் ஆரம்பிக்குது, ஆனா கொஞ்ச நேரத்துல மேற்கு ஆப்பிரிக்காவுல காம்பியாவுல இருந்து வந்த ஜுல்டே கமாராவோட ரிட்டி உள்ள வருது பாருங்க, ஒரே ஒரு தந்தி இருக்குற பிடில், அது வந்ததும் பாட்டு எந்த ஊருதுன்னே சொல்ல முடியாம போயிடுது. கீபோர்டு ஜான் பேகட், மாசிவ் அட்டாக், போர்ட்டிஸ்ஹெட் மாதிரி எலக்ட்ரானிக் பேண்டுங்க கூடல்லாம் வாசிச்ச ஆளு, அதனால அடியில எலக்ட்ரானிக் பேஸ் உறுமிக்கிட்டே இருக்கு. போன் ஸ்பீக்கர்ல கேட்டா இதுல பாதி காணாம போயிடும், ஹெட்போன் கண்டிப்பா வேணும்.

எனக்கு இந்த ஆல்பம்னா எம்ப்ரேஸ் அனதர் ஃபால் தான். கிட்டத்தட்ட ஆறு நிமிஷம். பிளான்ட் முணுமுணுப்புக்குக் கொஞ்சம் மேல ஒரு குரல்ல பாடிக்கிட்டே போறாரு, தாளம் மட்டும் மெதுவா ஏறுது, திடீர்னு கிடார் இடியா விழுது, சரி இப்ப கத்துவாருன்னு பாத்தா அவரு கத்தல, ஜூலி மர்ஃபி வந்து வேல்ஸ் மொழியில ஒரு பழைய ஒப்பாரிய பாடுறாங்க. ஒரு வார்த்தை புரியல எனக்கு. ஆனா உள்ள என்னமோ பண்ணிடுச்சு. தன் ஆல்பத்துல உச்சமான இடத்த இன்னொருத்தர் குரலுக்கு விட்டுக்கொடுக்க எவ்ளோ பெரிய மனசு வேணும், அதுவும் ஒரு காலத்துல ஸ்டேடியம் ஸ்டேடியமா கத்தி நிரப்புன ஆளு.

எ ஸ்டோலன் கிஸ் பெரும்பாலும் பியானோவும் குரலும் தான். குரல்ல இருக்குற கீறலக்கூட மறைக்கல. ராக் பாடகர்கள் ஸ்லோ பாட்டு பாடும்போது ஒரு நடிப்பு வரும் பாருங்க, அது இதுல இல்ல.

பழைய ரசிகர்களுக்கு கொஞ்சம் ஆறுதல்னா டர்ன் இட் அப், அழுக்கான ப்ளூஸ் கிடாரு, அமெரிக்காவுல கார் ஓட்டிக்கிட்டே ரேடியோ கேக்குற மாதிரி பாட்டு. பாக்கெட்ஃபுல் ஆஃப் கோல்டன் ஆரம்பிக்கிற வரி லெட் செப்பலினோட தேங்க் யூ பாட்டோட முதல் வரியேதான், செப்பலின் வெறியர்கள் உடனே கண்டுபிடிச்சிருவாங்க. ரெயின்போ சும்மா ஒரு மேள அடியும் ஹம்மிங்கும், சிம்பிள், நல்லாருக்கு.

குறைன்னா நடுவுல தொய்வு. சம்படி தேர், ஹவுஸ் ஆஃப் லவ் ரெண்டும் சாதாரண கிடார் பாட்டுங்க, வேற யாரு ஆல்பத்துல வேணா இருந்திருக்கலாம், அந்த ஆப்பிரிக்க தாளம் பின்னாடி போன உடனே பிளான்ட்டோட இந்த அடக்கமான குரலுக்குப் பிடிமானம் இல்லாம போயிடுது. ரிட்டி எங்கெல்லாம் முன்னாடி நிக்குதோ அங்கெல்லாம் ஆல்பம் பறக்குது, அதனால இத பிளான்ட் ஒருத்தரோட ஆல்பமா நெனைக்காம ஒரு பேண்டு ரெக்கார்டா கேளுங்க. பதினோரு பாட்டுல அந்த ரெண்ட மட்டும் ஸ்கிப் பண்ணிட்டு நான் இன்னும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.