எழுத்தை அழித்துத் தருகிறேன் என்பவரிடம் மாடல் ரயில் பெட்டியைக் கொடுக்கும் முன்

ஹெச்ஓ அளவு (நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு) மாடல் ரயில் வைத்திருப்பவர்கள், அதிலும் ஒரே எண்ணில் இரண்டு பெட்டி வந்து மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் யாரிடமாவது வேலையைக் கொடுங்கள்.

என்னிடம் அமெரிக்காவின் சாண்டா ஃபே ரயில்வேயின் 40 அடி பாக்ஸ்கார், அதாவது மூடிய சரக்குப் பெட்டி, மாடல் இரண்டு, இரண்டிலும் ஒரே எண். ஒன்றில் கடைசி இரண்டு இலக்கத்தை அழித்து வேறு டெக்கால் (எண், எழுத்து அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படலம்) ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மாடல்களுக்குப் பெயிண்ட் அடித்துத் தரும் ஒருவர் "ஒரு கீறல் விழாது சார்" என்று சொல்லி முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார். பெட்டி திரும்பி வந்தபோது நான் கேட்கவே கேட்காத துருக்கறையும் புழுதியும் அதன்மேல் அப்பியிருந்தது. என்ன இது என்று கேட்டால், "வெதரிங் ஃப்ரீயா பண்ணியிருக்கேன் சார்." ஃப்ரீ என்றதுமே பொறி தட்டியது.

டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார்த்தேன். எண் இருந்த இடத்துக்கு வரும்வரை ஒழுங்காக ஓடிய ரிவெட் (தகடு இணைக்கும் ஆணித்தலை) வரிசை அங்கே மழுங்கி, இரண்டு மூன்று ரிவெட் மொட்டையாகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகி இறுகியதுபோல் அலை அலையாகக் கிடந்தது. பெட்டியின் முன், பின் சுவர்களில் இருக்கும் நெளிவு முகடுகளை உப்புத்தாளால் தட்டையாகவே தேய்த்துவிட்டார். நிஜ ரயிலில் ஓர் அங்குல ரிவெட் தலை என்றால் 87இல் ஒரு பங்காகச் சுருங்கும்போது 0.3 மில்லிமீட்டர்கூட இருக்காது, போனால் போனதுதான்.

விடாமல் கேட்டபோது நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டதாகச் சொன்னார். அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அது கரைத்தே விடும். தொழிலாகச் செய்கிற ஆளுக்கு இது தெரியாதா?

இத்தனைக்கும் அந்த எழுத்து, பெயிண்டின் மேல் சிலிக்கோன் திண்டால் ஒற்றி எடுத்த மெல்லிய மைப்படலம்தான். மைக்ரோ சால், சால்வாசெட் மாதிரி டெக்கால் படியவைக்கும் திரவத்தில் ஒரு சொட்டு வைத்து, சில நிமிடம் ஊறவிட்டு, ரிவெட்டுக்கு இடையில் பல்குச்சி முனையாலும் சமதளத்தில் காது குடையும் பஞ்சுக்குச்சியாலும் மெதுவாகத் தேய்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் சரிதான், ஆனால் சில தயாரிப்புகளில் அடிப்பெயிண்டும் சேர்ந்து வரும், அதனால் கண்ணில் படாத அடிப்பக்கத்தில் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். எப்படியும் நேரம் பிடிக்கிற வேலை, அந்த நேரத்தைத்தான் அவர் மிச்சம் பிடித்தார்.

ஆகவே கொடுப்பதற்கு முன் எந்தத் திரவம் போடுவீர்கள் என்று கேளுங்கள், "அதெல்லாம் தொழில் ரகசியம்" என்றால் பெட்டியைக் கொடுக்காதீர்கள். எழுத்து போன பிறகு, டெக்காலோ வெதரிங்கோ ஏறுவதற்கு முன், வெளிச்சத்தைச் சாய்த்துவைத்து எடுத்த போட்டோ வந்தால்தான் பாதிப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு முடியாது என்றுவிட்டார். வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் துரு பூசி மறைத்துத் தருகிறாராம், கூரியர் செலவு மட்டும் நான் கொடுக்க வேண்டுமாம்.