கருவி தேறுகிறது, பேச்சு தேறவில்லை: பிரீமியர் லீக்கின் வி.ஏ.ஆர். குறித்து ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துப் போட்டியில் 2019-20 பருவம் முதல் நடைமுறையில் இருக்கும் வி.ஏ.ஆர். என்னும் வீடியோ நடுவர் முறையைப் பற்றிய சண்டைகள் பெரும்பாலும் கருவியைச் சுற்றியே நடக்கின்றன. ஆட்டக்காரர் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டி நின்றாரா (ஆஃப்சைடு) என்று பார்க்கும் கோடு சரியான இடத்தில் விழுந்ததா, பந்து காலை விட்டு விலகிய நொடியைத்தான் நிறுத்திக் காட்டினார்களா, அக்குள் வரைக்கும் அளக்கத்தான் வேண்டுமா என்றெல்லாம் வாரம் தவறாமல் கேள்வி எழுகிறது. ஆனால், டிக்கெட்டுக்கும் தொலைக்காட்சிச் சந்தாவுக்கும் பணம் கட்டுகிற ரசிகனுக்கு வழங்கப்படும் ஒரு சேவையாக இதை எடுத்துக்கொண்டால், கருவி பெரும்பாலும் தேறிவிடுகிறது என்பதும், தேறாமல் நிற்பது அதைச் சூழ்ந்த பேச்சுதான் என்பதும் என் மதிப்பீடு. வீடியோ நடுவர் அமரும் அறைக்கும் மைதானத்துக்கும் இடையே அரைகுறையாக நடக்கும் பேச்சையும், மைதானத்துக்கும் ரசிகனுக்கும் இடையே நடக்காமலே போகும் பேச்சையும் சரிசெய்யாமல் கேமராக்களை மட்டும் கூட்டிக்கொண்டு போவதில் பயன் குறைவு.

மேற்கு லண்டனின் ஸ்டாக்லி பார்க்கில் உள்ள அறையில் ஒரு வீடியோ நடுவரும், அவருக்கு ஓர் உதவியாளரும், காட்சிகளை எடுத்துக் கொடுக்கும் ரீப்ளே இயக்குநரும் திரைகளின் முன் அமர்ந்திருப்பார்கள். கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டப்படுதல் ஆகிய நான்கு சந்தர்ப்பங்களே அவர்களுடைய எல்லை. அதிலும் தெளிவான, வெளிப்படையான தவறு நடந்திருந்தாலோ, முக்கியமான ஒன்று நடுவரின் கண்ணில் படாமலே போயிருந்தாலோதான் தலையிடலாம். கிரிக்கெட்டின் ‘அம்பயர்ஸ் கால்’ முறைக்குப் பழகிய நமக்கு இதன் நோக்கம் உடனே விளங்கும்: இரு பக்கமும் வாதிட இடமிருக்கும்போது மைதானத்தில் நின்றவரின் முடிவே செல்லும். ஆஃப்சைடு நிலை போன்ற, அளந்தே சொல்லிவிடக்கூடியவை இதற்கு விலக்கு. ஆஃப்சைடு நிலையில் ஆட்டக்காரர் முன்னால் இருந்தார் அல்லது இல்லை என்பதைத் தவிர வேறு கேள்வி கிடையாது.

அந்த ஆஃப்சைடு பகுதிக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கத் தயங்க மாட்டேன். ஆட்கள் கையால் கோடு வரைந்துகொண்டிருந்த காலம் 2025 ஏப்ரல் 12 அன்று பிரீமியர் லீக்கில் முடிவுக்கு வந்து, ஆட்டக்காரர்களின் உடலைக் கேமராக்கள் தாமே பின்தொடரும் அரைத் தானியங்கி முறை நடைமுறைக்கு வந்தது. குறையாக நிற்கும் அந்த ஒரு மதிப்பெண், கோல் முன் கூட்டம் நெருக்கியடித்து நிற்கும் நேரங்களுக்கானது. அதற்கு முன்பே, அதே ஆண்டு மார்ச் 1 அன்று, இம்முறை பயன்படுத்தப்பட்ட எஃப்.ஏ. கோப்பை என்னும் மற்றோர் இங்கிலாந்துப் போட்டியில் போர்ன்மத்தும் வுல்வ்ஸும் மோதிய ஆட்டத்தில், இந்த முறையால் நெரிசலுக்குள் ஆட்டக்காரர்களைப் பிரித்தறிய முடியாமல் போக, பழையபடி கையால் கோடு வரைந்து ஒரு கோலை ரத்து செய்வதற்குள் ஏறக்குறைய எட்டு நிமிடம் ஓடிவிட்டது. முக்கிய முடிவுகள் சரியாக அமையும் விகிதம் 82 சதவீதத்திலிருந்து 96 சதவீதமாக உயர்ந்ததாக லீக் 2024இல் கூறியது. சேவையை நடத்துபவரே தரும் கணக்கு அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும், முன்னேற்றம் உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை.

கருவி சரியாக வேலை செய்தும் சேவை முற்றிலும் தோற்றுப்போன ஓர் ஆட்டத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாம் மைதானத்தில் லிவர்பூல் ஆடியது. முப்பத்து நான்காவது நிமிடத்தில், இரு அணிகளும் கோல் எதுவும் போடாத நிலையில், லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் பந்தை வலைக்குள் அடித்தார். துணை நடுவர் ஆஃப்சைடு என்று கொடியை உயர்த்தினார். ஸ்டாக்லி பார்க்கில் வீடியோ நடுவர் டேரன் இங்லண்ட் காட்சியைப் பார்த்தார், கோடு போடப்பட்டது, டியாஸ் ஆஃப்சைடு இல்லை என்பது திரையில் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. ஆனால், மைதானத்தில் கோல் வழங்கப்பட்டிருக்கிறது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆகவே “சரிபார்ப்பு முடிந்தது” என்ற பொருளில் அவர் சொல்ல, அதைக் கேட்ட நடுவர் சைமன் ஹூப்பர், தன் தரப்பின் ஆஃப்சைடு முடிவு உறுதியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடரவிட்டார். கோல் என்றோ கோல் இல்லை என்றோ இருவரில் ஒருவர் வாய் திறந்து சொல்லியிருந்தால் போதும், அந்தத் தவறு அங்கேயே அகப்பட்டிருக்கும்.

மூன்று நாள் கழித்து வெளியிடப்பட்ட ஒலிப்பதிவைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. மைதானத்தில் கொடுத்த முடிவு ஆஃப்சைடு ஆயிற்றே என்று முதலில் சுட்டிக்காட்டியவர் நடுவர்கள் யாரும் அல்லர், ரீப்ளே இயக்குநர். ஆட்டத்தை நிறுத்தலாமே என்ற யோசனையும் அந்த அறையில் எழுந்தது. ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பின்னோக்கிப் போகக் கூடாது என்ற விதி குறுக்கே நிற்க, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று வீடியோ நடுவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். லிவர்பூல் அந்த ஆட்டத்தில் 2-1 என்று, கூடுதல் நேரத்தில் விழுந்த சுய கோலால் தோற்றது. நடுவர்களை நிர்வகிக்கும் பி.ஜி.எம்.ஓ.எல். அமைப்பு இதைக் கணிசமான மனிதத் தவறு என்று அன்றே ஒப்புக்கொண்டது; இறுதி முடிவை மைதானத்துக்குச் சொல்லும் முன் வீடியோ நடுவர் தன் உதவியாளரிடம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற நடைமுறையையும் பிறகு கொண்டுவந்தது. இவ்வளவு எளிய ஒழுங்கு முதல் நாளிலிருந்தே இல்லாமல் போனதுதான் என் முதன்மையான குற்றச்சாட்டு.

அதே ஆட்டத்தின் இருபத்தாறாவது நிமிடத்தில் வேறொன்றும் நடந்திருந்தது. லிவர்பூலின் கர்டிஸ் ஜோன்ஸுக்கு முதலில் மஞ்சள் அட்டை காட்டப்பட்டது. மைதானத்தின் ஓரத்தில் உள்ள திரைக்கு அழைக்கப்பட்ட நடுவர், பந்தின் மேல் வழுக்கிய பாதம் எதிராளியின் கணுக்காலுக்கு மேல் பதிந்து நின்ற காட்சியை, அசையாப் படமாக, முதலில் பார்த்தார், அட்டை சிவப்பாயிற்று. எந்த மோதலையும் அப்படி உறையவைத்துக் காட்டினால் அது கொடூரமாகத்தான் தெரியும். தொட்ட இடத்தை அறிய மெதுவேகக் காட்சி, மோதலின் கடுமையை அறிய இயல்பான வேகக் காட்சி என்று விதிமுறையே வகுத்திருக்கிறது. ஆகவே திரையில் முதலில் ஓட வேண்டியது முழு வேகக் காட்சி. நடுவருக்கு எது எந்த வரிசையில் காட்டப்படுகிறது என்பதும் அறை அவரோடு பேசும் பேச்சுதான். லிவர்பூலின் மேல்முறையீடு ஏற்கப்படவில்லை, முடிவு நியாயமே என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் அந்த வரிசையை நியாயப்படுத்த எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை.

மௌனமும் தவறாகும் என்பதற்கு 2020 ஜூன் 17 சாட்சி. ஆஸ்டன் வில்லா மைதானத்தில் அதன் கோல்கீப்பர் ஓர்யன் நைலாண்ட் பந்தைக் கையில் பிடித்தபடியே கோல் கோட்டுக்கு அப்பால் போனார். பந்து கோட்டைத் தாண்டினால் நடுவரின் கைக்கடிகாரத்தை அதிரவைத்துச் சொல்லும் ஹாக்-ஐ நிறுவனத்தின் ஏழு கேமராக்களையும் ஆட்களும் கம்பமும் மறைத்ததால் அது அதிரவில்லை. வீடியோ அறை விதிப்படி தலையிட்டிருக்கலாம், தலையிடவில்லை. ஷெஃபீல்டு யுனைடெட்டுக்குக் கிடைக்க வேண்டிய கோல் போயிற்று, ஆட்டம் கோலின்றி முடிந்தது, அந்தப் பருவத்தில் வில்லா ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பியது.

மைதானத்துக்கு நேரில் போகும் ரசிகனின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. வீட்டில் இருப்பவர் மறுஒளிபரப்பைப் பார்த்து ஓரளவு ஊகிப்பார். அரங்கில் இருப்பவரோ, எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதே சரியாகத் தெரியாமல் நிற்பார். 2023 மகளிர் உலகக் கோப்பையிலேயே நடுவர் ஒலிபெருக்கியில் முடிவை அறிவித்தார்; பிரீமியர் லீக்கில் அது 2025-26 பருவத்தில்தான் வந்தது. வந்தவரை நல்லது. ஆனால் அறிவிப்பு என்பது முடிவை மட்டும் சொல்கிறது, அங்கே எத்தகைய வாதம் நடந்தது என்பதைச் சொல்வதில்லை. கிரிக்கெட்டில் டி.ஆர்.எஸ். நேரத்தில் மூன்றாவது நடுவர் ‘அல்ட்ரா எட்ஜ்’ கேட்பதையும் பந்து எங்கே விழுந்தது என்று பார்ப்பதையும் நாம் கூடவே கேட்கிறோம். அதனால்தான் நமக்குப் பிடிக்காத முடிவையும் ஏற்றுக்கொள்ள முடிகிறது.

இந்த முறையையே தூக்கிவிட வேண்டும் என்று வுல்வ்ஸ் அணி கொண்டுவந்த தீர்மானம் 2024 ஜூனில் 19-1 என்று தோற்றது. நான் வாக்களிக்க முடிந்திருந்தால் பத்தொன்பது பேரோடுதான் நின்றிருப்பேன். ஆயினும், கோல் விழுந்ததும் மனம் விட்டுக் கத்த முடியாமல் போனதே என்ற வுல்வ்ஸின் மனக்குறை உண்மையானது, அதை எதிர்ப்பு வாக்குகளின் எண்ணிக்கையால் மூடிவிட முடியாது. ஆஃப்சைடையும் கோல் கோட்டையும் கருவியிடமே விட்டுவிட்டு, பந்து கையில் படுதல், பெனால்டி போன்றவற்றில் தலையீட்டை இன்னும் குறைத்து, நடக்கும் உரையாடலை நேரலையில் கேட்கச் செய்வதே நான் விரும்பும் மாற்றம். அந்த உரையாடலை ஆட்டத்தின்போதே ஒலிபரப்ப ஐ.எஃப்.ஏ.பி. எனப்படும் விதிகள் வாரியம் அனுமதிப்பதில்லை என்பதே இதுவரை கிடைக்கும் பதில். அந்த வாரியத்தில் மொத்தம் எட்டு வாக்குகள். நான்கு ஃபிஃபாவிடம் இருக்கின்றன, மற்ற நான்கில் ஒன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தினுடையது. ஒரு விதியை மாற்ற ஆறு வாக்குகள் வேண்டும். பிரீமியர் லீக் முதலில் போய்க் கேட்க வேண்டிய இடம் தன் நாட்டின் சங்கம்தான்.